வேரில் இருக்கிற மாச்சத்து

லிந்துலை
5.10.2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது.  

போனில் பேசினால் உனக்குக் கோபம் வரும், எனக்கு அழுகை வரும், நடுவில் சிக்னலும் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். அவசரப்படாமல் இரண்டு தரம் வாசி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ நம் தங்கச்சி சின்னவளிடம் பேசியதை அவள் என்னிடம் சொன்னாள். "நாலு வருசமா படுத்துக் கெடக்குற. கை கால் நல்லாத்தானே இருக்கு. எழும்பி மலைக்குப் போ, எல்லாம் சரியாயிரும்" என்றாயாம். நீ கெட்ட மனசோடு சொல்லியிருக்க மாட்டாய். மாதாமாதம் நீ அனுப்புகிற காசில்தான் அவள் மகனுக்குச் சப்பாத்தும் கொப்பியும் வாங்குகிறோம். உனக்கும் அங்கே வாடகை, சாப்பாடு என்று எத்தனை பாரம். அதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

அவள் உன் பேச்சைத் தட்டவில்லை. மறுநாள் திங்கட்கிழமை விடியவே எழும்பி, ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்குப் போனாள். படங்கைக் கட்டி, கூடையை மாட்டி, பதினொரு மணி வரைக்கும் கொழுந்தெடுத்தாள். ஐந்து கிலோதான் தேறியது. ஆனாலும் சாயந்தரம் சிரித்த முகத்தோடு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாள். "பாத்தியாக்கா, அண்ணன் சொன்னது சரிதான் போல" என்றாள். செவ்வாய்க்கிழமையும் எழும்பி நடந்தாள். புதன்கிழமை காலையில் அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. அம்மா கழுத்தைத் தாங்கிப் பிடித்துக் கரண்டியால் தேத்தண்ணி ஊற்றினாள். இன்றைக்கு ஐந்தாவது நாள். பக்கத்துக் காம்பராவில் ரேடியோ போட்டாலே அவளுக்கு உடம்பு நடுங்குகிறது. ஜன்னலுக்குச் சாக்கு தொங்கவிட்டு இருட்டாக்கி வைத்திருக்கிறோம்.

தம்பி, இதில் ஒன்றைக் கவனி. வேலை செய்தது திங்கள், விழுந்தது புதன். சோம்பேறிக்கு வேலை செய்யும்போதுதான் உடம்பு நோகும். மற்றவர்களுக்கு மலையில் ஏறி இறங்கிய அலுப்பு ஒரு இரவு தூங்கினால் போய்விடும். இவளுக்கோ செய்த வேலையின் கணக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத்தான் வருகிறது. அதுவும் செய்ததற்குப் பத்து மடங்காக வருகிறது. இந்த நோயை மற்ற எல்லாக் களைப்பிலிருந்தும் பிரித்துக் காட்டுகிற அடையாளமே இதுதான் என்று நுவரெலியாவில் கிளினிக் பார்க்கிற ஒரு டொக்டர் அம்மா எனக்குச் சொன்னார். நாட்பட்ட களைப்பு நோய் என்பது அதன் பெயர்.

தொடக்கத்தை நினைத்துப் பார். 2021 ஓகஸ்டில் நாடு முழுக்க ஊரடங்கு போட்ட நேரம் நம் லயத்தில் பாதிப் பேருக்குக் கொவிட் வந்தது. அம்மாவுக்கு வந்தது, எனக்கு வந்தது, அவளுக்கும் வந்தது. அவளை ஆஸ்பத்திரியில்கூட வைக்கவில்லை. பத்து நாள் காய்ச்சல், இருமல், உடம்பு உளைச்சல். நாங்கள் தேறினோம். அவள் தேறவில்லை. அதற்கு முன்னால் அவள் எப்படிப்பட்டவள்? கொழுந்து கூடின மாதங்களில் அவளைவிடக் கூடுதலாக நிறுத்தவர்கள் அந்தக் கங்காணிக் கூட்டத்திலேயே இரண்டு மூன்று பேர்தான். அப்படிப்பட்டவள் திடீரென்று இருபத்தொன்பது வயதில் சோம்பேறியாகிவிடுவாளா?

நாங்கள் சும்மா இருந்தோம் என்றும் நினைக்காதே. நம் தோட்டத்துப் பெண்கள் களைப்பு என்று சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இரத்தம். அதைப் பார்த்தோம். ஹீமோகுளோபின் குறைவுதான். நான்கு மாதம் இரும்புச் சத்துக் குளிசையும் வயிற்றுப் பூச்சி மருந்தும் கொடுத்தார்கள். இரத்தம் ஏறியது, களைப்பு இறங்கவில்லை. பிறகு தைரொய்ட், சீனி, சிறுநீரகம், ஈரல், நெஞ்சுப் படம், சளி எல்லாம் பார்த்தோம். எல்லா ரிப்போர்ட்டும் நல்லது. ஒரு இடத்தில் அந்த ரிப்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு, "ஒரு நோயும் இல்ல, வேலைக்குப் போகப் பயப்படுறா" என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது தலவாக்கலையிலிருந்து வீடு வரைக்கும் அவள் வாய் திறக்கவில்லை. அம்மா கோயிலில் நூல் கட்டினாள். செய்வினை என்று பக்கத்தில் சொன்னார்கள். அதற்கும் ஆயிரக்கணக்கில் செலவழித்தோம்.

நான் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். என் தங்கச்சியின் உடம்புக்கு என்ன நடக்கிறது என்று தெரியாமல் கரும்பலகைக்கு முன்னால் நிற்க வெட்கமாக இருந்தது. ஒரு வருடமாகத் தேடித் தேடி வாசித்தேன். வாசித்ததை உனக்கு விளங்குகிற மாதிரி சொல்கிறேன்.

முதலில் தெரிந்துகொள், இவளுக்கு வந்த அவச்சொல் உலகத்துக்குப் புதியதில்லை. 1955 ஜூலையில் லண்டனில் றோயல் ஃப்ரீ என்ற ஆஸ்பத்திரியில் ஏதோ ஒரு தொற்று பரவி ஏறக்குறைய 300 ஊழியர்கள் விழுந்தார்கள். பெரும்பாலும் தாதிமார், டொக்டர்மார். ஆஸ்பத்திரியையே ஒக்டோபர் வரைக்கும் மூடினார்கள். காய்ச்சல் போன பிறகும் பலருக்குத் தசைவலியும் தளர்ச்சியும் வருடக்கணக்காகப் போகவில்லை. அங்கே வேலை செய்த மெல்வின் ராம்சே என்ற டொக்டர் இது உடம்பின் நோய் என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் 1970இல் இரண்டு மனநல டொக்டர்மார், ஒரு நோயாளியைக்கூட நேரில் விசாரிக்காமல், பழைய பதிவேடுகளை மட்டும் புரட்டிவிட்டு, நோயாளிகளில் அதிகம் பேர் பெண்கள் என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி, "இது கூட்டு மனக்கோளாறு" என்று எழுதினார்கள். அந்த எழுத்து பல தலைமுறை டொக்டர்மாரின் காதில் ஏறிவிட்டது. 1988இல் அமெரிக்காவில் வைத்த பெயரும் 'களைப்பு' என்றே அமைந்தது. களைப்பு யாருக்குத்தான் இல்லை என்று எல்லாரும் கேட்க அந்தப் பெயரே இடம் கொடுத்தது. 2015இல்தான் அமெரிக்காவின் மருத்துவ நிறுவகம் ஆயிரக்கணக்கான ஆய்வுகளை எடுத்துப் பார்த்து, இது உடம்பு முழுவதையும் தாக்குகிற கடுமையான நோய் என்று அறிக்கை கொடுத்தது.

சரி, உடம்பில் எது பழுதாகிறது? ஒரே ஒரு காரணத்தை இன்னும் யாரும் பிடிக்கவில்லை. அதை மறைத்து நான் உனக்கு எழுத மாட்டேன். 2009இல் ஒரு வைரஸைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று பெரிதாக அறிவித்தார்கள். அது பரிசோதனைக்கூடத்தில் கலந்துவிட்ட அசுத்தம் என்று தெரிந்து 2011இல் அந்தக் கட்டுரையை மீட்டுக்கொண்டார்கள். எத்தனை நோயாளிகள் அதை நம்பியிருப்பார்கள், பாவம். ஆனால் தேடல் நிற்கவில்லை. இப்போது நான்கு ஐந்து தடயங்கள் கையில் இருக்கின்றன.

முதல் தடயம் தொற்று. அவுஸ்திரேலியாவில் டபோ என்ற நாட்டுப்புற ஊரில் மூன்று விதமான தொற்று வந்த 253 பேரைக் காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்தே தொடர்ந்து பார்த்தார்கள். மூன்றும் வேறு வேறு கிருமி. ஒன்று நுளம்பால் வருவது. ஆறு மாதம் கழித்து நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் தேறவில்லை. எந்தக் கிருமியாக இருந்தாலும் விழுந்தவர்கள் ஒரே மாதிரிதான் விழுந்திருந்தார்கள். யார் விழுவார்கள் என்பதைக் காய்ச்சலின் கடுமைதான் காட்டியது. முன்பே மனக்கவலை இருந்ததா இல்லையா என்பது காட்டவில்லை. 2006இல் வெளிவந்த ஆய்வு இது. நோர்வேயில் பெர்கன் நகரத்தில் 2004இல் குடிதண்ணீரில் ஜியார்டியா என்ற வயிற்றுக் கிருமி கலந்தது. மருந்து கொடுத்துக் கிருமி போன பிறகும், மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், அந்தத் தண்ணீரால் நோய்ப்பட்டவர்களிடம் மற்றவர்களைவிட இந்தக் களைப்பு பல மடங்கு. பீலித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நமக்கு அதை வாசிக்கும்போது நெஞ்சில் தைத்தது. டெங்கு, சிக்குன்குனியா, எலிக்காய்ச்சல் எல்லாம் வந்து போகிற நாட்டில், காய்ச்சல் விட்ட பிறகு எத்தனை பேர் இப்படி மூலையில் கிடக்கிறார்களோ?

இரண்டாவது தடயம் நிர்ப்பீடனம். கிருமியை விரட்டக் கிளம்பிய படை, கிருமி போன பிறகும் முகாமுக்குத் திரும்பாமல் நிற்கிறதா, நம்முடைய கலங்களையே எதிரி என்று எண்ணித் தாக்குகிறதா, கிருமியின் மிச்சம் உடம்பில் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று இந்தக் கோணத்தில் பார்க்கிறார்கள். பெண்களுக்கு இந்த நோய் கூடுதலாக வருவதும் இந்தப் பக்கம்தான் பார்க்க வைக்கிறது. தன் உடம்பையே தாக்குகிற நோய்கள் பலவும் பெண்களிடம்தானே அதிகம்.

மூன்றாவது தடயம் தசை. பள்ளிக்கூடத்தில் இழைமணி என்று படித்திருப்பாய். கலத்துக்கு உள்ளே சக்தி செய்கிற அடுப்பு அது. அம்ஸ்டர்டாமில், கொவிட்டுக்குப் பிறகு இப்படி விழுந்த 25 பேரைக் கொஞ்ச நேரம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். மிதிப்பதற்கு முன்னும் மறுநாளும் தொடையிலிருந்து துளி தசை எடுத்துப் பார்த்தார்கள். மறுநாள் எடுத்த தசையில் இழைமணிகளின் வேலை குறைந்திருந்தது, தசை நார்களும் பழுதுபட்டிருந்தன. 2024 ஜனவரியில் அது வெளிவந்தது. அதை வாசித்தபோது எனக்குச் சின்னவளின் திங்களும் புதனும்தான் ஞாபகம் வந்தன. அவளுடைய அடுப்பில் நெருப்பு சரியாக எரியவில்லை. நாம் ஊதி ஊதிச் சாம்பலைத்தான் கிளப்புகிறோம்.

நான்காவது தடயம் இரத்த ஓட்டம். பிரட்டில் நிற்கும்போது அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும், நெஞ்சு படபடக்கும், பேச்சுக்கூட மறந்துபோகும் என்று சொல்வாளே, ஞாபகம் இருக்கிறதா? நிற்கும்போது இரத்தம் காலுக்கு இறங்கிவிடாமல் மேலே தள்ளுகிற வேலையை நமக்குத் தெரியாமலே நரம்புகள் செய்கின்றன. நெதர்லாந்தில் 400க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கட்டிலோடு நிமிர்த்தி நிற்க வைத்து மூளைக்குப் போகிற இரத்தத்தை அளந்தார்கள். நோயில்லாதவர்களுக்கு நூற்றுக்கு ஏழு பங்கு குறைந்தது, இவர்களுக்கு 26 பங்கு. படுக்க வைத்துப் பிரஷர் பார்த்து "நோர்மல்" என்று அனுப்பினால் இது எப்படித் தெரியும்?

ஐந்தாவது தடயம் பரம்பரையலகு. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இந்த நோய் உள்ள 15,579 பேரின் பரம்பரையலகுகளை ஆராய்ந்து, நோயில்லாதவர்களிடமிருந்து வேறுபடுகிற எட்டு இடங்களைக் கண்டிருக்கிறார்கள். சில நிர்ப்பீடனத்தோடும் சில நரம்புத் தொகுதியோடும் தொடர்புள்ள இடங்கள். 2025 ஓகஸ்டில்தான் சொன்னார்கள், மற்ற ஆய்வாளர்களும் இனிச் சரிபார்க்க வேண்டும். ஒரே காய்ச்சல் ஒரே லயத்தில் மூன்று பேருக்கு வந்து, ஒருத்தி மட்டும் விழுந்தது ஏன் என்ற என் கேள்விக்குப் பதிலின் ஒரு துண்டு அங்கே இருக்கலாம்.

நம் பக்கத்திலும் களைப்பைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். கொழும்பு மாவட்டத்து இரட்டையர்களைப் பார்த்து, சோர்வும் மனத்தளர்ச்சியும் எவ்வளவு தூரம் பின்னிக் கிடக்கின்றன என்று நம் நாட்டு டொக்டர்மார் லண்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். கோவாவில் 2,494 பெண்களைக் கேட்டபோது நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் ஆறு மாதத்துக்கும் மேலாகக் களைப்பு என்றார்கள். அங்கே களைப்பு இரத்தக் குறைவோடு சேர்ந்து வரவில்லை. பசியோடும், புருசன் செய்கிற கொடுமையோடும், மனக்கவலையோடும்தான் சேர்ந்து வந்தது. அதையும் நான் ஒதுக்கவில்லை. நம் தோட்டத்துப் பெண்கள் பலருடைய களைப்பு அந்த வகை. விடியக் காலையில் எழும்பி, ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, நாள் முழுக்கக் கொழுந்தெடுத்து, இரவு பத்து மணிக்குப் படுக்கிற உடம்பு களைக்காமல் என்ன செய்யும்? அவர்களுக்கு வேண்டியது நல்ல சாப்பாடும் ஓய்வும் சம்பளமும் மரியாதையும். அவை கிடைத்தால் உடம்பு மீளும். சின்னவளுக்கு எல்லாம் கொடுத்தும் மீளவில்லை. அவள் மனசும் இப்போது உடைந்துதான் இருக்கிறது. ஆனால் முதலில் விழுந்தது உடம்பு, நான்கு வருடம் யாரும் நம்பாமல் போனதால் பிறகு மனசும் விழுந்தது. இந்த வரிசையை நீ மாற்றிப் படித்துவிடாதே.

"கொஞ்சம் கொஞ்சமா வேலையக் கூட்டினா உடம்பு பழகிடும்" என்று நீ சொல்வதை ஒரு காலத்தில் பெரிய பெரிய டொக்டர்மாரும் சொன்னார்கள். இங்கிலாந்தில் அதையே சிகிச்சையாக எழுதி வைத்திருந்தார்கள். 2021 ஒக்டோபரில் அந்த நாட்டு வைத்திய வழிகாட்டியிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இந்த நோய்க்குப் படிப்படியாகக் கூட்டுகிற உடற்பயிற்சியைக் கொடுக்க வேண்டாம் என்று இப்போது எழுதியிருக்கிறது. உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்த்து, அந்த எல்லைக்குள்ளே நடக்க வேண்டும். களைத்த பிறகு படுப்பது பிந்திய காரியம், களைக்கும் முன்பே படுக்க வேண்டும். நோயையே போக்குகிற மருந்து இன்னும் இல்லை. தூக்கத்துக்கும் வலிக்கும் தலைச்சுற்றுக்கும் தனித்தனியாகக் கொடுக்கிற மருந்துகள் இருக்கின்றன, அவற்றைக் கிளினிக்கில் எடுக்கிறோம். அதனால் நீ டொனிக், சத்து மா, விளம்பரத்தில் காட்டுகிற குளிசை எதுவும் வாங்கிக் காசைக் கரியாக்காதே.

அப்பா கவ்வாத்து வெட்டின நாட்கள் உனக்கு ஞாபகம் இருக்கும். வெட்டுவதற்கு முன்னால் கொஞ்ச நாள் அந்த மலையில் கொழுந்தெடுக்காமல் விடுவார்கள். பிறகு ஒரு வேர்த் துண்டை வெட்டி அயடின் விட்டுப் பார்ப்பார்கள். கறுப்பு நீலமாக மாறினால் வேரில் மாச்சத்து இருக்கிறது, கத்தி வைக்கலாம். நிறம் வராவிட்டால் வெட்டக் கூடாது, வெட்டினால் செடி திரும்பத் தளிர்க்காமல் காய்ந்து போகும். இலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அப்பா வேரைத்தான் பார்ப்பார். அந்தச் செடியைச் சோம்பேறிச் செடி என்று நம் தோட்டத்தில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? சின்னவளின் கை கால் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. வேரில் ஒன்றும் இல்லை. அதைப் பார்க்க ஒரு அயடின் துளி இன்னும் யார் கையிலும் இல்லாததால்தான் அவளை எல்லாரும் நடிப்புக்காரி என்கிறார்கள்.

தீபாவளிக்கு வருவாய்தானே. வரும்போது இரண்டு காரியம் செய். ஒன்று, மடக்குகிற கதிரை ஒன்று வாங்கி வா. அடுப்படியிலும் பீலியடியிலும் அவள் நின்றுகொண்டு வேலை செய்யாமல் உட்கார்ந்து செய்யட்டும். நின்றால் விழுகிறவள், உட்கார்ந்தால் மகனுக்கு ஒரு வேளையாவது தன் கையால் சோறு போடுவாள்.

இரண்டாவது, வாசலில் கால் வைத்ததும் "எத்தன நாள் வேலைக்குப் போன" என்று கேட்காதே. அவள் படுத்திருந்தால் பக்கத்தில் போய் மெதுவாக உட்கார். சத்தமாகப் பேசாதே. "உனக்கு ஏலாதுன்னு எனக்கு இப்பத் தெரியும். நீ படு" என்று சொல். நான்கு வருடமாக அவள் நம் வீட்டு ஆம்பிளை ஒருவர் வாயிலிருந்து கேட்கக் காத்திருப்பது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

அம்மா ஆசி சொல்லச் சொன்னாள். பின்னேரத்தில் தினமும் மழை, வரும்போது பாதையில் கவனம்.

அன்புடன்,
உன் அக்கா